கூப்பிட வேண்டிய ஆள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இடது தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? சக்கர நாற்காலி வண்டியை உருட்டி உருட்டி ராத்திரியானால் கை தூக்க முடியவில்லை என்று உதவி நாய் கேட்கும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாய். ஆறு வருஷம் கழித்து உன் உடம்பைப் பற்றி ஒரு படிவத்தைப் படித்துத் தெரிந்துகொள்கிறேன். நம் இரண்டு பேருக்கும் வெட்கமில்லை.

ஆமாம், உன் படிவம் சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வந்தது. எங்கள் நாய்ப் பயிற்சி மையத்தின் தலைமைப் பயிற்சியாளர் அம்மா கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் அவருக்குப் பெயரே விசில்தான். "அக்காவுக்குத் தம்பி நாய் பழக்கலாம், தப்பில்ல. ஆனா பரீட்சை நான்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

உனக்காக ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றரை வயது, வறுத்த கடலைத் தோலின் நிறம். வந்த முதல் நாளே எல்லா அறைக்குள்ளும் தலையை நீட்டி யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் மேனேஜர்.

எனக்கு இரண்டு துணிகள் வேண்டும். ஒன்று உன்னுடையது. இன்னொன்று உன் வீட்டுக்காரருடையது. 'நாய் கூப்பிட்டால் வர வேண்டிய ஆள்' என்ற கட்டத்தில் அவரைத்தானே எழுதியிருக்கிறாய். நீ வண்டியிலிருந்து கீழே விழுந்துவிட்டால் "போய்க் கூப்பிடு" என்பாய். அவன் வீடெல்லாம் தேடி, அந்த வாசனைக்காரரைக் கண்டுபிடித்து, சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வருவான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நாய் கிடையாது. மூன்று நாள் போட்ட துணியாக இருக்கட்டும், துவைக்காதே. தனித்தனிப் பையில் போடு.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நமக்கு மூன்றாவது நிமிஷமே சண்டை வரும். காகிதத்தில் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறோம்.

உன் தம்பி

*

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தோள் வலி தோளோடு இருக்கிறது, நான் என்னோடு இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை நாய்க்கு வைத்துவிட்டு மீதியைத் தின்கிறாயா?

உன் கையெழுத்து இன்னும் மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரியே இருக்கிறது. நல்ல வேளை, நாய்க்குப் படிக்கத் தெரியாது.

நான் இப்போது ஒரு டாக்ஸி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஃபோன் எடுக்கிறேன். காலை ஆறு முதல் மத்தியானம் இரண்டு வரை. இருபத்திரண்டு வண்டிகள். "எங்க இருக்கீங்க?" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறேன். டிரைவர்கள் எனக்கு வெறும் நம்பர்கள்தான், ஒருவரையும் பார்த்ததில்லை. பதினாலாம் நம்பர் மட்டும் எந்த வழி சொன்னாலும் சண்டைக்கு வருவார். "மேடம், நீங்க மேப்பைப் பாக்கறீங்க, நான் ரோட்டைப் பாக்கறேன்!" இரண்டு மணிக்கு ஹெட்ஃபோனைக் கழற்றினால் வீடு திடீரென்று பெரிதாகிவிடும்.

மூன்றாவது மாடி. லிஃப்டின் பொத்தான் எனக்கு எட்டாது. ஒரு குச்சி வைத்திருக்கிறேன். அந்தக் குச்சி கீழே விழுந்தால் அதை எடுக்க இன்னொரு குச்சி.

உன் அத்தான் சுகம். இரண்டு பைகளும் இதனுடன். நீலச் சட்டை அவருடையது, கை மணிக்கட்டில் பொத்தான் இருக்காது. அவரே கழற்றிக் கொடுத்தார்.

மேனேஜரை நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், முதுகு மட்டும் நலமில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

முதுகு ஏன் என்று கேள். நாயைப் பழக்க வேண்டுமானால் நாங்களும் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு பழக்கினால், உட்கார்ந்திருப்பவர் சொல்வதை அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். ஆகவே தினம் ஐந்து மணி நேரம் நான் நாற்காலியில்தான். நேற்று கடைத்தெருவுக்குப் போனோம். பின்னால் எங்கள் சமையல்காரர் சும்மா நடந்து வந்தார். கடைக்காரர் என்னைத் தாண்டி அவரிடம் கேட்கிறார்: "இவருக்கு என்ன வேணுமாம்?" எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஒன்பது வருஷமாக உனக்கு இது தினசரி நடந்திருக்கும். நான் ஒரு நாள் கூட உன்னிடம் கேட்டதில்லை.

மேனேஜர் கதவுக் கைப்பிடியில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறக்கிறான். காலுறையைப் பல் படாமல் உருவுகிறான். இரும்பை வாயில் வைக்கத்தான் பிடிக்காது. சாவியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, தினம் கொஞ்சம் துணியைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். இப்போது ஒரு நூல்தான் பாக்கி.

அக்கா, இன்னொன்றும் எழுத வேண்டும். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "ரெண்டே வருஷம், அவனுக்கு அலுத்துப் போயிடும், பாரு" என்றேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்து அனுப்புகிறார் மனிதர். நான் தப்பு. அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். முடிந்தால் அவரையே இரண்டு வரி எழுதச் சொல், அதை இந்த அறையில் ஒட்டி வைப்பேன். இங்கே நாய்களைத் தவிர என்னிடம் யாரும் பேசுவதில்லை. அவையும் வருஷத்துக்கு ஒரு தடவை வேறு வீட்டுக்குப் போய்விடுகின்றன.

உன் தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம்தான், திட்டாதே. வேலை தலைக்கு மேல். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஐந்து மணி நேரத்துக்கே இந்தப் புலம்பலா? எனக்கு யாராவது சம்பளம் கொடுத்தால் நானும் புலம்பிக் காட்டுவேன்.

கடைக்காரர் கதையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் என் ஃபோன் கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குச்சியால் இழுக்கப் போய் இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். குனிந்தேன், சக்கரம் பூட்டவில்லை, தொபுக்கென்று தரைக்கு வந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் வண்டியில் ஏற முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் ஃபோன் மணி அடிக்கிறது, நான் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். சனிக்கிழமை காலை வீடு துடைக்கும் அம்மா சாவி போட்டுத் திறந்து, "என்னக்கா, தரையில படுத்துக்கிட்டு யோசனை பண்றீங்க?" என்றார். பதினேழு மணி நேரத்தில் கூரையில் எத்தனை விரிசல் என்று எண்ணி வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு எழுத்து வராது. கையெழுத்துப் போடவே வியர்த்துவிடும். நீ கேட்டதைச் சொன்னேன், சிரித்தார்.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இடுப்பில் வலி இருக்கிறதா? டாக்டரிடம் காட்டினாயா? பதினேழு மணி நேரம் என்பதை ஏதோ சினிமா பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய். அத்தான் அன்று வெளியூரா?

இங்கே ஒரு சிக்கல். 'போய்க் கூப்பிடு' பாடம் ஆரம்பித்தோம். நீயாக நான் நடிக்கிறேன், உன் சால்வையைப் போர்த்தி நாற்காலியில் உட்காருகிறேன். அத்தானாகச் சமையல்காரர், நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த அறையில் இருப்பார். மேனேஜர் சொன்னவுடன் பாய்ந்து போகிறான். சட்டையை மோந்து பார்க்கிறான். திரும்பி என்னிடம் வந்து சால்வையை மோந்து பார்த்து, வாலாட்டி உட்கார்ந்துவிடுகிறான். "கூப்பிடச் சொன்ன ஆள் நீதானே" என்பதுபோல ஒரு பார்வை வேறு. பதினோரு தடவை இதே கதை. அவனுக்கு இரண்டு துணியும் ஒரே ஆள்.

வேறு நாய்களுக்காக வந்திருந்த ஆட்களின் துணிகளை வைத்துப் பார்த்தேன், ஒரு தடவை கூடத் தப்பவில்லை. ஆனால் விசில், "மூக்கு சரியில்லாத நாயை வீல்சேர்காரங்களுக்குக் கொடுக்க மாட்டேன்" என்கிறார். மே பத்தாம் தேதி பரீட்சை. தோற்றால் அவனை யாராவது வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். நீ வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாய், இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

இரண்டு துணியும் ஒரே அலமாரியில் கிடந்ததா? அத்தானின் வேறு சட்டை ஒன்றை உடனே அனுப்பு. எதுவானாலும் சரி.

உன் தம்பி

*

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். இடுப்பும் சௌக்கியம்.

ஆமாம், ஒரே அலமாரிதான். என் தப்பு. அத்தான் வேலை விஷயமாக வெளியே போயிருக்கிறார், துணியெல்லாம் எடுத்துப் போய்விட்டார். வேறு சட்டை இப்போது இல்லை. இருப்பதை வைத்தே கொஞ்சம் நன்றாகச் சொல்லிக்கொடு. நீ கெட்டிக்காரன்தானே.

அவசரம், வேலை இருக்கிறது.

அக்கா

*

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? தூங்குகிறாயா?

பரீட்சை முடிந்தது. கதவு, விளக்கு, சாவி எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். 'போய்க் கூப்பிடு' வந்ததும் பழைய கதைதான். விசில் பேனாவைத் திறந்து தோல்வி என்று எழுதப் போனார். நான் எழுந்து, "மேடம், தப்பு நாயுடையதில்ல, என்னோடது. பைகளை நான் மாத்திப் போட்டுட்டேன். ரெண்டுமே அக்காவோட துணி" என்றேன்.

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக இங்கே பை மாற்றாத ஒரே ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் பேனாவை மூடிவிட்டார். மேனேஜருக்கு ஜூலையில் மறு பரீட்சை. எனக்கு மூன்று மாதம் பயிற்சி வேலை கிடையாது, கூண்டு கழுவும் வேலை. அதில் குனிந்து நிமிர்வதால் முதுகு வலி போய்விட்டது, ஆகவே லாபம்தான்.

மேனேஜர் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து நான் கழுவுவதை மேற்பார்வை பார்க்கிறான்.

இனி சட்டை எதுவும் அனுப்ப வேண்டாம். உனக்கு எழுதத் தோன்றும்போது எழுது. அவசரமில்லை.

உன் தம்பி

*

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் மே மாதக் கடிதத்தில் நீ அத்தானை விசாரிக்கவில்லை. முதல் தடவை படித்தபோதே கண்ணில் பட்டது. ஐந்து வாரமாக மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பை மாற்றவில்லை. சின்ன வயதில் என் பென்சில் டப்பாவை எடுத்தால்கூட எந்தப் பென்சில் எந்தப் பக்கம் இருந்ததோ அப்படியே வைப்பவன் நீ. என் பொய்க்குச் சப்பைக்கட்டு கட்டிவிட்டுக் கூண்டு கழுவுகிறாய்.

அவர் போய்விட்டார்டா. போன வருஷம் மார்ச்சில். சண்டை இல்லை, கத்தல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "என்னால முடியல" என்றார். என்ன முடியவில்லை என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். நீ இரண்டு வருஷம் சொன்னாய், அவர் ஐந்து வருஷம் இருந்தார். அந்த மூன்று வருஷத்தை உன்னிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை. நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய அன்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே அழுதேன். பதினாலாம் நம்பர், "என்ன மேடம், லைன்ல ஏதோ சத்தம்" என்றார்.

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எழுத எனக்கு வேறு ஆள் தெரியவில்லை. அவர் பெயரை எழுதினேன். நீ சட்டை கேட்டாய். வீடு முழுக்கத் தேடினேன், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துப் போயிருந்தார். அவருடைய சட்டை என்று ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அது என் மேல் இருந்தது. துவைக்கிற கூடையில் அவர் மறந்த நீலச் சட்டை, பத்து மாதமாக வேலை நேரத்தில் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கழற்றிப் பையில் போடும்போது இது என் சட்டையாகி வெகு நாளாகிவிட்டது என்று புத்தியில் உறைக்கவே இல்லை.

உன் நாயின் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை. விசிலுக்கும் இன்றே எழுதிவிட்டேன். நாய் வராவிட்டால் போகிறது. அவனைத் தோற்றவன் என்று யாரும் சொல்லக் கூடாது, உன்னையும் சொல்லக் கூடாது.

அக்கா

*

ஜூன் 27

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீலச் சட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பொத்தான் தைத்திருக்கிறது. நாயின் மூக்கு என் மூக்கைவிட நன்றாக இருக்கிறது என்று கோப்பில் குறித்துவிட்டேன். உங்கள் தம்பி திங்கள்கிழமை முதல் பயிற்சிக்குத் திரும்புவார். அவர் என்னிடம் சொன்ன பொய்யைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் வரிசையில்தான் இருக்கிறீர்கள். ஆனால் கட்டம் காலியாக இருந்தால் நாயைத் தர இயலாது, விதியைப் போட்டவளே நான்தான். பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஒருவரின் துணி ஜூலை 8க்குள் வந்து சேர வேண்டும். தூரத்தில் இருக்கும் உறவினர் கணக்கில் வராது. வீட்டுக்குள் ஆள் இல்லாததால், முதலில் கதவருகே வைக்கும், அந்த ஆளின் ஃபோனில் ஒலிக்கும் அழைப்பு மணியை அழுத்தவும், பிறகு வருபவரை உள்ளே அழைத்துவரவும் நாயைப் பழக்குவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமைப் பயிற்சியாளர்

*

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இந்தத் தடவை பதிலுக்காகவே கேட்கிறேன்.

உன் ஜூன் கடிதம் வந்த அன்று மூன்று தடவை ஃபோனைக் கையில் எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நான் சொன்னது பலித்தது என்று நினைத்தபோது வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. உன் ஏப்ரல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம். பதினேழு மணி நேரம் யாரும் வராத வீட்டில் கணவன் எங்கே என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்டால் நீ உடைந்துவிடுவாயோ என்று பயந்தேன். கேட்காமலிருந்ததும் தப்புத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழாம் தேதி ஒரு பை வந்தது. பெட்ரோலும் பெப்பர்மின்ட் மிட்டாயும் மணக்கும் பெரிய காக்கிச் சட்டை, '14' என்று சீட்டு. மேனேஜர் ஒரு தடவை மோந்தான், அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஐந்து பேரில் அந்தச் சட்டைக்காரரை நேராக இழுத்து வந்தான். மணியையும் அழுத்தினான். விசில் தன் விசிலையே ஊத மறந்துபோனார். தேறிவிட்டான் அக்கா.

நாளை காலை வேறொரு பயிற்சியாளர் அவனை அழைத்து வருகிறார். சொந்தக்காரன் ஒப்படைக்கக் கூடாது என்பது விசிலின் இன்னொரு விதி. இன்று அவனைக் குளிப்பாட்டினேன். ஒவ்வொரு வருஷமும் ஒருவனைக் குளிப்பாட்டி அனுப்புகிறவன்தான். இந்தத் தடவை துவாலையை மடிக்கவே வெகு நேரமாயிற்று. அவன் என்னைத் தேடினால் எழுது. தேடாவிட்டால் எழுத வேண்டாம்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை எழுதும்போது பொய் சொல்லவில்லை என்பதற்கு என் காலடியில் ஒரு சாட்சி படுத்திருக்கிறான்.

முதலில் பதினாலாம் நம்பர். மாடி வீட்டு அம்மாவைக் கேட்டேன், எதிர் வீட்டைக் கேட்டேன். ஒருவர் வீடு மாறுகிறார், இன்னொருவருக்கு நாய் என்றால் ஆகாது. ஜூலை ஐந்தாம் தேதி வேலையின் நடுவில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பதினாலு, உங்க வீடு எங்க இருக்கு?" அவர், "உங்க தெரு முனையிலதான் மேடம், ஆறு வருஷமா. நீங்க கேக்கவே இல்லையே" என்றார். நாய் மோந்து பழக ஒரு சட்டை வேண்டும் என்றேன், அன்று சாயங்காலமே சட்டையோடு வந்து நின்றார். என்னைவிடக் குள்ளமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், கதவு நிலையில் தலை இடிக்கிறது. "நீங்க சேர்ல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். "நீங்க இவ்வளவு உயரம்னு எனக்கும் தெரியாது" என்றேன். வழியைப் பற்றி இன்னும் சண்டைதான்.

மேனேஜர் வந்து நாலு வாரம். சாவி, ஃபோன், பேனா எது விழுந்தாலும் நான் குனிவதற்குள் மடியில் இருக்கும். குச்சிகள் இரண்டையும் மூலையில் வைத்துவிட்டேன். மேஜையின் கீழ் இழுப்பறையிலும் கயிறு கட்டினேன், அதையும் திறக்கிறான். உன் பயிற்சியாளர் இருந்த ஒரு வாரத்தில் நாலு தடவை ஒத்திகை பார்த்தோம். நாலு தடவையும் மணி அடித்து, பதினாலாம் நம்பரின் சட்டைக் கையை இழுத்துக்கொண்டு வந்தான்.

நேற்று ஞாயிறு மத்தியானம். மழை. தெருவில் ஒரு சத்தமில்லை, ஃபோனும் இல்லை. எனக்கு என்னமோ போல இருந்தது. கீழே விழவில்லை, அடிபடவில்லை. சும்மா, மெல்லிய குரலில், "போய்க் கூப்பிடு" என்றேன்.

அவன் எழுந்து என்னை ஒரு தடவை பார்த்தான். கதவருகே போனான், மணியை மோந்தான், அழுத்தவில்லை. சமையலறைக்குப் போனான், படுக்கையறைக்குப் போனான். அப்புறம் மேஜைக்கு வந்து, கீழ் இழுப்பறையின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அதற்குள் உன் கடிதங்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கட்டை அப்படியே வாயில் எடுத்து வந்து என் மடியில் வைத்தான். ஒரு பல் தடம் கூட இல்லை. "இது அவன் இல்லடா, அவன் எழுதின காகிதம்" என்றேன். அவன் கடிதக் கட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் அசையவில்லை. நானும்தான்.

தேடினால் எழுது என்றாய், எழுதிவிட்டேன்.

விசிலிடம் சொல்லாதே, மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அவன் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டான். கூப்பிட்டாயிற்று.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. மூன்றாவது மாடி, லிஃப்டை விட்டு வந்ததும் இடது பக்கக் கதவு. தட்ட வேண்டாம், அவன் திறப்பான்.

அக்கா